ஆட்சிமொழிக் கேள்வி: சட்டப் புத்தகமும் தேர்வுக்கூடமும்

2025 மார்ச்சில் அமெரிக்க அதிபர் ஓர் ஆணை பிறப்பித்து, ஆங்கிலத்தை அந்நாட்டின் ஆட்சிமொழியாக அறிவித்தார். அமெரிக்க அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்து இரு நூற்றாண்டுகளுக்கு மேலாகியும் ஒன்றிய அளவில் அப்படியோர் அறிவிப்பு இருந்ததில்லை. இல்லாததால் ஆங்கிலம் அங்கே நலிந்துவிடவும் இல்லை. அறிவிப்பின் உடனடி விளைவு வேறு இடத்தில் தெரிந்தது: ஆங்கிலம் தெரியாதவர்களுக்கு அரசு அலுவலகங்கள் மொழியுதவி தர வேண்டும் என்ற 2000-ஆம் ஆண்டு ஆணை நீக்கப்பட்டது. இதற்கு நேர்மாறாக, அயர்லாந்தின் 1937 அரசியல் சட்டம் ஐரிஷ் மொழியைத் தேசிய மொழி என்றும் முதல் ஆட்சிமொழி என்றும் முடிசூட்டியது. 2022 கணக்கெடுப்பின்படி, பள்ளிக்கு வெளியே அதை அன்றாடம் பேசுபவர்கள் ஏறத்தாழ 72,000 பேர்தான்.

வலிமையான மொழிக்கு அறிவிப்பு தேவைப்படவில்லை, மெலிந்த மொழிக்கு அறிவிப்பு போதவில்லை. அப்படியென்றால் ஒரு நாடு ஆட்சிமொழி ஒன்றைச் சட்டத்தில் எழுதிவைப்பதால் உண்மையில் என்ன நடக்கிறது? ஏன் சில நாடுகளில் அந்த ஒரு வரிக்காக உயிர்கள் போயின?

விடைகளைப் பார்க்கும் முன் ஒரு தெளிவு வேண்டும். அடையாளமாகப் போற்றப்படும் தேசிய மொழி, நிர்வாகம் நடக்கும் ஆட்சிமொழி, மக்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் தொடர்பு மொழி ஆகிய மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. சிங்கப்பூரில் மலாய் தேசிய மொழி. நாட்டுப் பண்ணும் ராணுவ அணிவகுப்புக் கட்டளைகளும் அதில்தான். நிர்வாகமோ ஆங்கிலத்தில் நடக்கிறது. இந்திய அரசியல் சட்டம் எந்த மொழியையும் தேசிய மொழி என்று குறிப்பிடவில்லை. 2010-ல் குஜராத் உயர்நீதிமன்றமும் இதைச் சுட்டிக்காட்டியது. இந்த மூன்றையும் குழப்பிக்கொண்டு நடக்கும் வாக்குவாதங்களுக்கு முடிவே கிடையாது.

ஒரே மொழி, ஒரே மக்கள்

ஒற்றை மொழிக்கான வாதம் இன்றைய வடிவத்தைப் பெற்றது பிரெஞ்சுப் புரட்சியின்போது. 1539-லேயே பிரெஞ்சு மன்னர் நீதிமன்ற ஆவணங்களில் லத்தீனை விலக்கிப் பிரெஞ்சைக் கொண்டுவந்துவிட்டார். ஆனால் அது எழுத்தர்களுக்கும் வழக்கறிஞர்களுக்கும் மட்டுமான ஏற்பாடு. குடியானவன் என்ன மொழி பேசினான் என்பதில் மன்னருக்கு அக்கறை இல்லை. புரட்சிதான் அந்த அக்கறையைக் கொண்டுவந்தது. 1794-ல் பாதிரியார் கிரகுவார் அளித்த அறிக்கை, குறைந்தது 60 லட்சம் பிரெஞ்சுக் குடிமக்களுக்குப் பிரெஞ்சு தெரியாது என்றும், அதைச் செம்மையாகப் பேசுபவர்கள் 30 லட்சத்துக்கு மேல் இல்லை என்றும் கணக்கிட்டது. சட்டத்தின்முன் எல்லோரும் சமம் என்றால் சட்டம் எல்லோருக்கும் புரிய வேண்டும். ஆகவே எல்லோரும் ஒரே மொழி பேச வேண்டும் என்பது அவர் முடிவு. சமத்துவத்தின் பெயரால் வட்டார மொழிகளை ஒழிக்கச் சொன்ன முதல் ஆவணங்களில் ஒன்று அது. பின்னாளில் பல நாடுகள் இதே தர்க்கத்தைக் கையாண்டன. சமத்துவ ஆர்வம் எல்லாரிடமும் இருந்ததா என்பது ஐயத்துக்குரியது.

1861-ல் ஜான் ஸ்டூவர்ட் மில் இதற்கு மக்களாட்சி சார்ந்த அடிப்படையைத் தந்தார். வெவ்வேறு மொழிகளில் படித்துப் பேசும் மக்களிடையே பொதுக்கருத்து உருவாகாது, பொதுக்கருத்து இல்லாமல் பிரதிநிதித்துவ ஆட்சி நிலைக்காது என்பது அவர் வாதம். அடுத்த ஆண்டே ஆக்டன் பிரபு மறுத்தெழுதினார்: பல தேசிய இனங்கள் ஓர் அரசின்கீழ் வாழ்வதே கொடுங்கோன்மைக்குத் தடை. 1882-ல் எர்னஸ்ட் ரெனான், மொழி மக்களை ஒன்றுசேர அழைக்கலாம், கட்டாயப்படுத்த முடியாது என்று கூறி சுவிட்சர்லாந்தைச் சான்றாக நிறுத்தினார்.

இருபதாம் நூற்றாண்டில் எர்னஸ்ட் கெல்னர் விவாதத்தை உணர்ச்சியிலிருந்து தொழிற்சாலைக்கு இழுத்துவந்தார். தொழில்மயமான சமூகத்தில் மனிதன் ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறியபடி இருக்கிறான். முன்பின் அறியாதவர்களோடு எழுத்து வழியாகப் பேச வேண்டியிருக்கிறது. அதற்குத் தரப்படுத்தப்பட்ட பள்ளிக்கல்வி வேண்டும், அதை அரசால் மட்டுமே தர முடியும். இந்த விளக்கத்தின் வலிமை, மொழிப்பற்றை மாயமாகப் பார்க்காமல் அதன் பின்னே பிழைப்பு இருப்பதைக் காட்டியது. ஆனால் கனடாவும் பெல்ஜியமும் சுவிட்சர்லாந்தும் பல மொழிகளோடுதான் தொழில்மயமாயின. கெல்னர் சொன்ன தேவை மெய்யானதாகவே இருந்தாலும், அது ஒரே ஒரு மொழியால்தான் நிறைவேறும் என்று ஆகிவிடாது.

பெரும்பான்மையும் அதன் கணக்கும்

காலனி ஆட்சியிலிருந்து விடுபட்ட நாடுகளில் கேள்வி வேறு முகம் கொண்டது. அங்கே ஆட்சிமொழி வெளியிலிருந்து வந்த ஒன்று. அதை அறிந்தவர்கள் மிகச் சிலர். அரசு வேலைகள் அந்தச் சிலரிடமே இருந்தன. ஆகவே ஆங்கிலத்தை அகற்று என்ற குரலில் நியாயம் இருந்தது. இலங்கையில் 1930-களிலும் 40-களிலும் எழுந்த சுயமொழி இயக்கம் தொடக்கத்தில் சிங்களம், தமிழ் இரண்டுக்காகவும் பேசியது. 1944-ல் அரசாங்க சபையில் ஜே.ஆர். ஜெயவர்த்தனா சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கக் கோரும் தீர்மானத்தைக் கொண்டுவந்தபோது, வி. நல்லையா கொண்டுவந்த திருத்தத்தால் தமிழும் சேர்க்கப்பட்டு நிறைவேறியது.

12 ஆண்டுகளில் எல்லாம் தலைகீழானது. 1956-ஆம் ஆண்டின் 33-ஆம் இலக்க ஆட்சிமொழிச் சட்டம் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கியது. மக்கள்தொகையில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் சிங்களவர் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட முதல் நியாயம். நாடாளுமன்றத்தில் இடதுசாரித் தலைவர் கொல்வின் ஆர். டி சில்வா, இரு மொழிகளை ஏற்றால் நாடு ஒன்றாக இருக்கும், ஒன்றை மட்டும் ஏற்றால் இரண்டாகும் என்ற பொருளில் எச்சரித்தார். இன்றும் மேற்கோள் காட்டப்படும் எச்சரிக்கை அது. 1957-ல் பிரதமர் பண்டாரநாயக்காவும் தமிழர் தலைவர் செல்வநாயகமும் தமிழுக்கு இடமளிக்கச் செய்த ஒப்பந்தம் அடுத்த ஆண்டே கிழிக்கப்பட்டது. தமிழின் நியாயமான பயன்பாட்டுக்கென்று 1958-ல் இன்னொரு சட்டம் வந்தது. அதற்கான விதிமுறைகள் 1966 வரை வகுக்கப்படவில்லை.

இந்த வரலாற்றை அறிஞர்கள் பெரும்பாலும் இன அரசியலின் கதையாகவே எழுதுகிறார்கள். நீல் டிவோட்டா போன்றோர், இரு பெரும் சிங்களக் கட்சிகளும் ஒன்றையொன்று விஞ்சப் போட்டியிட்டதே காரணம் என்கிறார்கள். ஏற்கத்தக்க விளக்கம்தான். ஆனால் சட்டம் மனிதர்களைத் தொட்ட இடம் எது என்று பார்த்தால் இன்னொன்றும் தெரிகிறது. கோடீஸ்வரன் வழக்கை எடுத்துக்கொள்ளலாம். அரசு எழுத்தர் சேவையில் இருந்த தமிழர் ஒருவர் சிங்களத் தேர்ச்சித் தேர்வை எழுதாததால் அவருடைய ஆண்டுச் சம்பள உயர்வு நிறுத்தப்பட்டது. அவர் வழக்குத் தொடுத்தார். 1964-ல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் ஆட்சிமொழிச் சட்டமே செல்லாது என்றது. உச்ச நீதிமன்றம், அரசு ஊழியர் சம்பளத்துக்காக அரசின்மீது வழக்குப் போட முடியாது என்று கூறித் தீர்ப்பை மாற்றியது. 1969-ல் லண்டன் பிரிவி கவுன்சில், போடலாம் என்று கூறி வழக்கைத் திருப்பி அனுப்பியது. மொழிச் சட்டம் செல்லுமா என்ற மையக் கேள்விக்கு அதற்குப்பின் விடை வரவே இல்லை. பிரிவி கவுன்சிலுக்கான மேல்முறையீடு ஒழிக்கப்பட்டது, 1972 அரசியல் சட்டம் சிங்களத்தின் நிலையை உறுதியாக்கியது. சட்டத்தின் ஒரு வரி, ஓர் எழுத்தரின் சம்பளப் பட்டியலில் வந்து இறங்கிய விதம் இது. பிரகடனங்களைவிடத் தேர்ச்சித் தேர்வுகள்தாம் மக்களை நாட்டிலிருந்து அந்நியமாக்குகின்றன என்று சொல்வதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

பாகிஸ்தானில் ஆட்சியாளர்கள் பெரும்பான்மை வாதத்தை எடுக்கவே இல்லை. எடுத்திருந்தால் வங்கமொழி வென்றிருக்கும். ஒன்றுபட்ட பாகிஸ்தானின் மக்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் வங்காளிகள். 1948 பிப்ரவரியில் திரேந்திரநாத் தத்தா அரசியல் நிர்ணய சபையில் வங்கத்துக்கும் இடம் கேட்டார்; மறுக்கப்பட்டது. மார்ச்சில் டாக்காவில் ஜின்னா, உருது மட்டுமே அரசின் மொழி என்று அறிவித்தார். (ஜின்னாவின் தாய்மொழி குஜராத்தி.) இங்கும் சினம் மூண்டது வெறும் அறிவிப்பால் அல்ல. அதற்குமுன்பே அரசுப் பணித் தேர்வுப் பாடங்களிலிருந்தும் நாணயம், அஞ்சல் தலைகளிலிருந்தும் வங்கம் விடுபட்டிருந்தது. படித்து முடித்து வேலைக்குக் காத்திருந்த மாணவர்களே போராட்டத்தின் முன்னணியில் நின்றார்கள். 1952 பிப்ரவரி 21 அன்று அவர்கள்மீது நடந்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு, 1956 அரசியல் சட்டத்தில் வங்கமும் அரசுமொழியானது. வேறு பல குறைகளும் சேர்ந்து 1971-ல் நாடு பிரிந்தது. எஞ்சிய பாகிஸ்தானின் 1973 அரசியல் சட்டம், 15 ஆண்டுகளுக்குள் உருதுவை ஆட்சிமொழியாக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்றது. 2015-ல் உச்ச நீதிமன்றம் அதை நினைவூட்டி உத்தரவிட வேண்டியிருந்தது.

தள்ளிப்போடுதல்

அந்த 15 ஆண்டு என்ற கணக்கு இந்தியாவிடமிருந்து தெரிந்தே எடுக்கப்பட்டதோ என்னவோ, ஒற்றுமை மட்டும் கண்ணில் படுகிறது. 1949 செப்டம்பரில் முன்ஷி–அய்யங்கார் சூத்திரம் என்று பெயர்பெற்ற சமரசத்தை இந்திய அரசியல் நிர்ணய சபை ஏற்றது. தேவநாகரி எழுத்தில் இந்தி ஒன்றியத்தின் ஆட்சிமொழி. 15 ஆண்டுகளுக்கு, அதாவது 1965 ஜனவரி 26 வரை ஆங்கிலமும் தொடரும். எண்களை எந்த வடிவில் எழுதுவது என்பதற்கே அந்த அவையில் கடும் சண்டை நடந்தது. அதற்கு முந்தைய ஆண்டே டி.டி. கிருஷ்ணமாச்சாரி, இந்தி ஏகாதிபத்தியம் தெற்கில் பிரிவினைவாதத்துக்குத்தான் உதவும் என்று எச்சரித்திருந்தார்.

இந்திக்கு ஆதரவான வாதங்களை ஒற்றை நோக்கம் கொண்டவையாகப் பார்ப்பது நேர்மையாகாது. காந்திக்கு அது ஆங்கிலம் படித்த சிறுபான்மையிடமிருந்து தேசிய இயக்கத்தை மீட்கும் கருவி. 1918-ல் சென்னையில் இந்திப் பிரச்சார சபை தொடங்கப்பட்டது அந்த நோக்கத்தில்தான். அம்பேத்கர் 1955-ல் மொழிவாரி மாநிலங்கள் பற்றி எழுதியபோது, வட்டார மொழிகளை மாநில ஆட்சிமொழிகளாக்கினால் அவை தனித்தனித் தேசிய இனங்களாகிவிடும் என்று அஞ்சினார். மாநிலங்களிலும் இந்தியே ஆட்சிமொழியாக வேண்டும், இந்தியா அதற்குத் தகுதிபெறும் வரை ஆங்கிலம் இருக்கட்டும் என்றார். தமிழ்நாட்டில் இந்த அம்பேத்கரை அதிகம் பேசுவதில்லை. அவருடைய அச்சம் பலிக்கவில்லை என்பதை எழுபது ஆண்டு அனுபவம் காட்டுகிறது. மொழிவாரி மாநிலங்கள் ஒன்றியத்தை உடைக்கவில்லை, நிலைப்படுத்தின என்பதே இன்று ஆய்வாளர்கள் பலரின் மதிப்பீடு.

எதிர்ப்பும் ஒரே தளத்தில் நிற்கவில்லை. 1937-ல் ராஜாஜி அரசு சென்னை மாகாணப் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்க முனைந்தபோது எழுந்த போராட்டத்தில் பண்பாட்டு அச்சமும் சாதி அரசியலும் முன்னின்றன. 1939-ல் நடராசனும் தாளமுத்துவும் சிறையிருப்பில் உயிரிழந்தார்கள். 1940-ல் கட்டாயம் விலக்கப்பட்டது. 1965-ல் தெருவுக்கு வந்தவர்கள் பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள். ஒன்றிய அரசுப் பணித் தேர்வு இந்திக்கு மாறினால் தமக்கு என்ன ஆகும் என்ற கேள்வி அவர்களிடம் இருந்தது. தீக்குளிப்புகளையும் துப்பாக்கிச் சூடுகளையும் அந்த ஆண்டு கண்டது. ஒன்றிய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அளகேசனும் பதவி விலக முன்வந்தார்கள். ஆட்சிமொழிச் சட்டத்தின் 1967 திருத்தம், இந்தியை ஏற்காத மாநிலங்கள் ஒவ்வொன்றும் தீர்மானம் நிறைவேற்றும் வரை ஆங்கிலம் தொடரும் என்று எழுதிவைத்தது. அதாவது, தவணை காலவரையின்றி நீண்டது. 1976 ஆட்சிமொழி விதிகள் தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது என்று அந்த விதிகளே சொல்கின்றன.

இதைக் கொள்கைத் தோல்வி என்பவர்கள் உண்டு. ஜோதிரிந்திர தாஸ் குப்தா 1970-ல் வெளியிட்ட நூல் மறுபக்கம் பேசியது: மொழிக் குழுக்கள் பேரம்பேசப் பழகியதே மக்களாட்சி வேர்பிடித்ததன் அறிகுறி. இரண்டாவது கருத்தே வலுவானது என்று தோன்றுகிறது, ஒரு திருத்தத்தோடு. பேரத்தில் தாக்குப்பிடித்தது தேர்வு பற்றிய ஏற்பாடுதான். 1968-ல் நாடாளுமன்றத் தீர்மானம் அரசியல் சட்டத்தின் எட்டாம் அட்டவணை மொழிகளுக்குத் தேர்வில் இடம் தரச் சொன்னது. 1979 முதல் குடிமைப் பணி முதன்மைத் தேர்வை அந்த மொழிகளில் எழுதலாம் என்றானது. கேள்வித்தாள் இன்றும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே. மத்திய ஆயுதக் காவல் படைகளின் காவலர் தேர்வு 2024-லிருந்துதான் தமிழ் உள்ளிட்ட 13 மொழிகளில் கூடுதலாக நடக்கிறது. உயர்நீதிமன்றங்களில் இந்தி வழங்கும் மாநிலங்கள் நான்கு உண்டு. சென்னை உயர்நீதிமன்றத்தில் தமிழ் வேண்டும் என்று 2006-ல் சட்டமன்றம் கேட்டது, கிடைக்கவில்லை.

இந்தப் பேரத்தில் இழந்தவர்கள் இந்தி பேசும் வட்டாரத்திலும் இருக்கிறார்கள். 2011 கணக்கெடுப்பு காட்டும் 43.63 விழுக்காட்டு இந்திக்குள் போஜ்புரி, ராஜஸ்தானி, சத்தீஸ்கரி போன்ற பலவும் அடக்கம். மைதிலி 2003-ல் எட்டாம் அட்டவணையில் தனியிடம் பெற்றது. போஜ்புரிக்கு இன்னும் இல்லை.

யாருக்கும் சொந்தமில்லாத மொழி

பெரும்பான்மையின் மொழியை விலக்கிவிட்டுப் பொதுவான ஒன்றைத் தேர்ந்தால் சிக்கல் தீருமா? இந்தோனேசியா இதற்குப் பெருமையோடு காட்டப்படும் சான்று. மக்களில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் ஜாவானியர். இருந்தும் 1928 இளைஞர் உறுதிமொழி துறைமுகங்களில் புழங்கிய மலாயைத் தேர்ந்தெடுத்தது. அது அப்போது மிகச் சிலருக்கே தாய்மொழி. உயர்ந்தோர்க்கும் தாழ்ந்தோர்க்கும் வெவ்வேறு பேச்சுநிலைகள் கொண்ட ஜாவானியத்தைவிட அது சமத்துவமாகத் தோன்றியது. இன்று அது நாடெங்கும் புழங்குகிறது. ஆனால் இதை வெற்றி என்பவர்கள் இரண்டைக் கணக்கில் சேர்க்க வேண்டும்: சிறிய தீவு மொழிகள் தேய்கின்றன, 1975-ல் ஆக்கிரமிக்கப்பட்ட கிழக்குத் திமோரில் அதே மொழி ஆக்கிரமிப்பின் மொழியாயிற்று. 2002-ல் விடுதலை பெற்ற திமோர், தேத்தும், போர்த்துக்கீசியம் இரண்டையும் ஆட்சிமொழிகளாக எடுத்துக்கொண்டது.

தான்சானியாவில் அதிபர் நைரேரே சுவாஹிலியை வளர்த்தது பரவலாகப் பாராட்டப்படுகிறது. அங்கும் தொடக்கக் கல்விதான் முழுமையாகச் சுவாஹிலிக்கு வந்தது. மேல்வகுப்புகளில் ஆங்கிலம் நின்றது. உயர் வேலைக்கான படிக்கட்டு எந்த மொழியில் இருக்கிறதோ அதன் பக்கம்தான் பெற்றோர் சாய்கிறார்கள்.

மிச்சமிருப்பது ஆங்கிலமே பொதுமொழி என்ற நிலைப்பாடு. அண்ணா முதல் இன்றைய தமிழ்நாட்டு அரசியல் வரை இதற்கு ஆதரவு உண்டு. எல்லாருக்கும் சமதூரத்தில் இருக்கிறது என்பது அதன் நியாயம். மாநிலங்களுக்கிடையே பார்த்தால் உண்மை. வகுப்புகளுக்கிடையே பார்த்தால் உண்மையில்லை. சென்னையில் ஆங்கிலப் பள்ளியில் படிக்கும் குழந்தைக்கும் தர்மபுரிக் கிராமத்துக் குழந்தைக்கும் ஆங்கிலம் ஒரே தொலைவில் இல்லை. அரசியல் அறிஞர் டேவிட் லைட்டின், இந்தியக் குடிமகனுக்கு மூன்று மொழிகள் தேவைப்படும், இடத்தைப் பொறுத்து ஒன்று கூடலாம் குறையலாம் என்று கணித்தார். அவர் கணக்கின்படி தமிழ்நாடு மூன்றில் வர வேண்டும். 1968 முதல் கொள்கையால் இரண்டில் நிற்கிறது. மெய்யியலாளர் பிலிப் வான் பரீஸ் 2011-ல் ஐரோப்பாவை முன்வைத்து வாதிட்டபோது, ஆங்கிலத்தைப் பொதுமொழியாக ஏற்கலாம், ஆனால் அதைக் கற்கும் செலவில் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் பங்கேற்க வேண்டும் என்றார். அந்தப் பணத்தை யார் வசூலிப்பது என்பதற்கு அவரிடமும் விடை இல்லை. சிங்கப்பூரில் நான்கு ஆட்சிமொழிகள் சட்டப்படி சமம். 2020 கணக்கெடுப்பில் 48.3 விழுக்காட்டினர் வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம் என்றார்கள். தமிழ் அங்கே அறிவிப்புப் பலகைகளில் பாதுகாப்பாக இருக்கிறது, வீடுகளில் சுருங்குகிறது.

எல்லா மொழிகளையும் ஏற்றல்

பட்டியலை நீட்டுவது இன்னொரு வழி. தென்னாப்பிரிக்காவில் 1976-ல் ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் பாடம் படிக்கக் கட்டாயப்படுத்தியது சோவெட்டோ எழுச்சியைக் கிளப்பியது. அந்த நினைவோடு 1996 அரசியல் சட்டம் 11 மொழிகளை ஏற்றது, 2023-ல் சைகை மொழி பன்னிரண்டாவதானது. பொலிவியாவின் 2009 அரசியல் சட்டம் ஸ்பானியத்தோடு 36 பழங்குடி மொழிகளை ஏற்கிறது. நடைமுறையில் ஒரு நாட்டில் ஆங்கிலமும் மறுநாட்டில் ஸ்பானியமுமே கோலோச்சுகின்றன.

செலவு கட்டுபடியாகாது என்பது வழக்கமான எதிர்வாதம். 24 ஆட்சிமொழிகள் கொண்ட ஐரோப்பிய ஒன்றியம் மொழிபெயர்ப்புக்குச் செலவிடுவது அதன் வரவுசெலவில் 1 விழுக்காட்டுக்கும் குறைவு என்பதால் இந்த வாதம் சொல்லப்படும் அளவு வலுவானதன்று. ஆள்பற்றாக்குறைதான் மெய்யான தடை. இலங்கையில் 1987-ன் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியது. இருபது ஆண்டுகள் கழித்து, 2007-ல் அரசு ஊழியர்கள் இரண்டாம் மொழியில் தேர்ச்சி பெற வேண்டும் என்று சுற்றறிக்கை விட வேண்டியிருந்தது. தமிழில் முறைப்பாடு எழுதிக்கொள்ளப் பொலிஸ் நிலையத்தில் ஆள் இல்லாவிட்டால் திருத்தத்தால் ஆவது கொஞ்சம்.

பெல்ஜியமும் சுவிட்சர்லாந்தும் மொழியை நிலப்பரப்போடு கட்டின. பெல்ஜியம் 1962-63-ல் மொழி எல்லையே வகுத்தது. மக்கள் ஓரிடத்தில் திரண்டு வாழும் மொழிகளுக்கு இது பொருந்தும்; கலந்து வாழும் நகரங்களுக்கு அவ்வளவாகப் பொருந்தாது. பிரஸ்ஸல்ஸ் இன்றளவும் அந்த ஏற்பாட்டின் இடைஞ்சல்தான்.

தீராதவை

அரசு மதத்திலிருந்து விலகி நிற்கலாம், மொழியிலிருந்து விலக முடியாது. ஏதோ ஒரு மொழியில் சம்பளச் சீட்டு எழுதியாக வேண்டும். மெய்யியலாளர் வில் கிம்லிக்கா 1990-களில் அழுத்திச் சொன்ன இந்தக் கருத்தில் இன்று பெரிய கருத்துவேறுபாடு இல்லை. ஆட்சிமொழியே வேண்டாம் என்பது மெய்யான ஒரு தேர்வாக இருப்பது, ஒரு மொழி ஏற்கெனவே வென்றுவிட்ட நாடுகளில்தான். சான்றுகள் ஓரளவு உறுதியாகக் காட்டும் இன்னொன்றும் உண்டு: பெரும்பான்மையின் மொழியை வேலைக்கும் பதவி உயர்வுக்கும் குறுகிய காலத்தில் நிபந்தனையாக்கியபோது மோதல் வந்திருக்கிறது. மொழி அறிவிப்பு மட்டும் தனியாக மோதலை உண்டாக்கியதா, ஏற்கெனவே இருந்த பகைக்கு அது வடிவம் தந்ததா என்பதைப் பிரித்தறிவது கடினம். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு வரலாறுதான் உண்டு. ஒப்பிட மாற்றுப் பிரதி கிடையாது.

உள்ளேயிருக்கும் சிறுபான்மை பற்றிய கேள்வி இதைவிடக் குறைவாகவே ஆராயப்பட்டிருக்கிறது. வங்கமொழிக்காகப் போராடிப் பிறந்த வங்கதேசத்தில், எல்லாக் குடிமக்களையும் வங்காளிகள் என்று குறித்ததை 1972 அரசியல் நிர்ணய அவையில் எதிர்த்தார் சிட்டகாங் மலைப்பகுதி உறுப்பினர் மானவேந்திர நாராயண் லார்மா. தமிழ்நாட்டின் 2006 தமிழ் கற்றல் சட்டம் பத்தாம் வகுப்பு வரை தமிழைக் கட்டாயமாக்கியபோது, தெலுங்கு, உருது, கன்னடம் பேசும் சிறுபான்மையினர் நீதிமன்றம் சென்றார்கள். மாநிலத்தின் மொழியைக் கற்பது நியாயமான எதிர்பார்ப்பு. ஆனால் ஒன்றியத்திடம் தமிழ்நாடு வைக்கும் வாதத்தின் பெரும்பகுதியை இவர்கள் தமிழ்நாட்டிடம் வைக்கலாம் என்பதையும் மறுக்க இயலாது.

கிம்லிக்கா இங்கே ஓர் அளவுகோல் தருகிறார்: தம் நிலத்திலேயே அரசுக்குள் சேர்க்கப்பட்ட தேசியச் சிறுபான்மைக்கு முழு மொழியுரிமை, தாமாக வந்து குடியேறியவர்களுக்கு அதைவிடக் குறைவு. மதுரையில் பல நூற்றாண்டுகளுக்கு முன் குடியேறிய சௌராஷ்டிர நெசவாளர்களை இதில் எங்கே வைப்பது? பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோட்ட வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டு, 1948-ல் குடியுரிமையே மறுக்கப்பட்ட இலங்கை மலையகத் தமிழர்களை எங்கே வைப்பது? கனடாவைப் பார்த்து உருவாக்கப்பட்ட அந்த வகைப்பிரிப்பு தெற்காசியாவில் பலருக்குப் பொருந்தவில்லை. அதற்கு மாற்றாக இங்கிருந்து எழுந்த கோட்பாடு எதுவும் பரவலான ஏற்பைப் பெறவும் இல்லை.